இரண்டு வீட்டுக்கு ஓர் அடுப்பு

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. தீர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த வாடை வந்தது. உனக்குத் தெரியாததா, நிறைந்த சிலிண்டரில் வராத வாடை, அடியில் சொட்டு மிச்சமிருக்கும்போது மட்டும் வந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீலமாக எரிந்தது சிவந்தது, சுருங்கியது, பொசுக்கென்று போய்விட்டது. கல்லில் பாதி வெந்த தோசை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தோசைக் கரண்டியைத் திருப்பிப் பிடித்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

தட்டிய பிறகுதான் நினைப்பு வந்தது. உன் போர்ஷனில் இப்போது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடியிருக்கிறது. நல்ல பெண். ஈரத்தலையோடு ஓடிவந்து, "இன்னாக்கா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லமா, பல்லி" என்றேன். பல்லிக்கு யாராவது கரண்டியால் சுவரைத் தட்டுவார்களா என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவள் போன பிறகு அந்தப் பாதித் தோசையைப் பார்த்தபடி நின்றேன். உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான். இதைவிட நன்றாக எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாம் பழகியதே சண்டையில்தான். என் மெர்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம், அவளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்புமாகத் தாமலிலிருந்து வந்து உன் பக்கத்துப் போர்ஷனில் குடியேறினேன். அவளுடைய அப்பா வேறொருத்தியோடு ஓசூருக்குப் போனபோது கேஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். கனெக்‌ஷன் அவர் பேரில். "பொண்டாட்டிய வுட்டுட்டு கேஸ் புக்கத் தூக்கிக்கினு போன ஆம்பளைய நான் எங்கியும் கேள்விப்பட்டதில்லமா" என்று நீ பின்னாளில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை பிரித்துக் காட்டிவிட்டு, வந்ததும் வராததுமாக அந்த இண்டக்‌ஷனில்தான் சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம்.

இரண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர், பில்லில் பாதிப் பாதி என்பது வீட்டுக்காரர் வைத்த சட்டம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் ஸ்லாப் தாண்டிவிடும், தாண்டினால் யூனிட் விலையும் ஏறிவிடும் என்பதெல்லாம் நான் அறியாத சங்கதி. முதல் பில் வந்த அன்று வாசலில் வந்து நின்றாய். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் போன்.

"ஏம்மா, வூட்டுக்குள்ள மில்லு கில்லு ஓட்டிக்கினு இருக்கியா நீ?"

"இன்னாங்க பேச்சு இது? நான் ஒண்டி ஆளு, ஒரு லைட்டு, ஒரு ஃபேனு."

"ஒண்டி ஆளுக்கு மீட்டரு ஏன் இந்த ஓட்டம் ஓடுது? ராத்திரி பகலா தறிக்குத் தார் நூலு சுத்துறவ நானு, என் ராட்டைக்கா கரண்டு? கையாலதான சுத்துறேன்."

எட்டிப் பார்த்தாய். இண்டக்‌ஷனில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, மூடியில்லாமல். பக்கத்தில் மெர்சி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விட்டாய். சண்டை முடிந்தது என்று நான் கதவைச் சாத்தப் போனேன். நீ திரும்பி வந்தாய், கையில் ஓர் அலுமினிய மூடியோடு. "மூடி போடாம சோறு ஆக்குறவள இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லி நீயே போய் மூடினாய். அப்புறம் சொன்னாய்: "இந்தக் கரண்டு அடுப்பத் தூக்கிப் பரண்ல போடு. நாளையிலேர்ந்து என் அடுப்புல ஆக்கிக்கோ. கேஸு பாதிப் பாதி."

"நாங்க யாரு இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிடுவது நல்லது என்பது என் பழக்கம். பின்னால் தெரிந்து முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

"மாதா படம் மாட்டிக்கிற, தாமல்ல எந்தத் தெருன்னு வூட்டுக்காரரு சொன்னாரு. எல்லாம் தெரியும். அரிசி எவ்ளோ போடுவ, அத சொல்லு."

நீயும் ஒண்டிதான். உன் புருஷன் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதிப் போனபோது உன் மகள் நிவேதா நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பிறந்த வீடு தென்னேரி, நிலபுலம் உண்டு, அண்ணன் உண்டு. ஆனாலும் அங்கே போய் அண்ணி கையைப் பார்த்து உட்கார மாட்டேன் என்று இங்கேயே இருந்து, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அந்தத் தார்க் குழல்களைப் பிள்ளைகள் இரண்டும் ரயில் விட்டு விளையாடும். ஒரு குழல் உருண்டு போனாலும் வீடு அதிர்கிற மாதிரி கத்துவாய்.

சிலிண்டர் உன் பேரில். அடுப்பு ஒன்று. அதற்கு நீ முறை வைத்தாய். ஒரு சிலிண்டர் உன் வீட்டில் தீர்ந்தால், புது சிலிண்டரும் அடுப்பும் என் வீட்டுக்கு வர வேண்டும். அது தீர்ந்தால் மறுபடி உன் வீட்டுக்கு. அடுப்பு எங்கேயோ அங்கேதான் நாலு பேருக்கும் சமையல். தீர்ந்ததும் சுவரில் இரண்டு தட்டு. நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி வருவோம். தெருவில் போகிறவர்கள், "இன்னா, சாமி ஊர்வலமா?" என்று கேட்பார்கள். "ஆமா, கற்பூரம் கொண்டாந்து காட்டு" என்பாய் நீ.

யார் வீட்டில் சிலிண்டர் அதிக நாள் வருகிறது என்று நமக்குள் போட்டி வேறு. சமையற்கட்டுச் சுவரில் பென்சிலால் தேதி எழுதி வைப்பாய். நான் ஜெயித்தால் ஒத்துக்கொள்ள மாட்டாய். "நீ ஜெயிக்கிறதுக்குப் பிள்ளைங்களுக்குப் பழையதப் போட்டிருப்ப" என்று என் தலையில் பழி. நீ ஜெயித்தாலோ அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

எவ்வளவு வித்தை வைத்திருந்தாய். அரிசி, பருப்பு எதுவானாலும் ஊறாமல் அடுப்பில் ஏறக் கூடாது. சோறு முக்கால் வெந்ததும் இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி, கழிவு நூல் அடைத்த மரப்பெட்டிக்குள் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைப்பாய். மீதி அதுவாக வெந்துகொள்ளும். "சோறு தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று மெர்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தண்ணீர்க் குடத்துக்கு வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் வைத்துவிடுவாய். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு வெந்நீர் தயார். சித்திரையில் அடுப்பு இருக்கும் போர்ஷன் கொதிக்கும் என்று நாலு பேரும் மற்றப் போர்ஷனில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுப்போம். எனக்குப் பகலெல்லாம் கடையில் ஏசி. ஜரிகை பளபளக்க வேண்டுமென்று கூரை முழுக்க விளக்கு. "உங்க மொதலாளி ஒரு நாளு எரிக்கிறத நமக்குக் குடுத்தா பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் வரும்" என்று இருட்டில் கைவிசிறியை ஆட்டிக்கொண்டே சொல்வாய். அந்தக் காற்றில் பாதி எனக்கு வரும்.

அடுப்புக்குச் சட்டங்களும் இருந்தன. புரட்டாசி பிறந்தால் கறி, மீன், முட்டை எதுவும் ஏறாது. அது உன் பெருமாளுக்கு. தவக்காலத்திலும் ஏறாது. அது என் ஆண்டவருக்கு. கறி வேகிற நேரத்துக்கு இரண்டு வேளைச் சமையல் ஆகிவிடும் என்பதால், "உன் சாமியும் என் சாமியும் கூடிப் பேசி வெச்சிருக்காங்கம்மா, இந்த ரெண்டு பொம்பளைங்க கேஸு மிச்சம் புடிக்கட்டும்னு" என்றாய். மாட்டுக்கறி மட்டும் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாய். அதை நான் தாமலுக்குப் போகும்போது சாப்பிட்டுக்கொண்டேன். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, உண்மை. உன்னிடம் சொன்னேன். "உறுத்தும். எனக்கும் உறுத்துது. இருக்கட்டும்" என்றாய். நூல் அறுந்தால் அறுந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் முனை கிடைக்காது என்பது உன் தொழில் பாடம். பேச்சிலும் அப்படித்தான், எதையும் மனதில் போட்டு வைக்க மாட்டாய்.

உன் அண்ணன் வந்த நாளை மறக்க முடியுமா. தென்னேரியிலிருந்து மாங்காய் மூட்டையோடு வந்தவர், அடுப்பு என் வீட்டில் இருப்பதையும், நிவேதா என் தட்டிலிருந்து கருவாடு எடுத்துத் தின்பதையும் பார்த்துவிட்டார். உன்னை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைப்பு.

"நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நம்ம ஆளுங்க வந்து நிக்க வாணாமா? ஒரே அடுப்புல ஆக்கித் துன்றீங்கன்னு தெரிஞ்சா ஊர்ல இன்னா பேசுவான்?"

நீ சத்தமாகவே சொன்னாய். "கேஸுக்குச் சாதி இருக்குதாண்ணே? சிலிண்டர்ல எங்கனா எழுதியிருக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நீ உள்ளே வந்து அவர் கொண்டுவந்த மாங்காயை நறுக்க ஆரம்பித்தாய். கண் கலங்கியிருந்தது. மாங்காய்க்குக் கண் கலங்காது என்பது எனக்குத் தெரியும்.

வயிற்று வலி என்று நீ ஓமத்தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னபோது அது எங்கெங்கோ பரவியிருந்தது. அப்போது அடுப்பு என் வீட்டில் இருந்தது. அந்த சிலிண்டர் தீர்ந்ததும், தாளிக்கிற வாடை உனக்குக் குமட்டுகிறதே என்று புது சிலிண்டரையும் என் பக்கமே மாட்டப் போனேன். கட்டிலில் இருந்தபடியே சுவரைத் தட்டினாய். ஓடி வந்தேன்.

"இப்ப என் முறை. அடுப்பக் கொண்டா."

"வாடை ஒத்துக்கலியே உனக்கு."

"மூக்கப் பொத்திக்கிறேன். அடுப்பு எரியுற சத்தம் கேக்கணும் எனக்கு. என் வூட்டுல அடுப்பு எரியலன்னா நான் செத்துப் பூட்டேன்னு நெனச்சுக்குவேன்."

பிள்ளைகளும் நானுமாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தோம். அந்த ஒரு சிலிண்டர் காலம் முழுக்க உன் கட்டிலுக்கு எதிரில்தான் சமைத்தேன். உனக்குக் கஞ்சித் தெளிவு மட்டும்தான் இறங்கும். ஆனாலும், "தீயக் கொறை", "மூடியப் போடு" என்று அங்கிருந்தே அதிகாரம் நடந்தது. சில நாள் நான் வேண்டுமென்றே மூடியை எடுத்து வைப்பேன், உன் குரல் வரட்டும் என்று.

நிவேதாவை உன் அண்ணன் தென்னேரிக்குக் கூட்டிப்போவதாக ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். தாய்மாமன், அவருக்கு உரிமை இருக்கிறது. நான் யார்? பக்கத்து வீடு. மெர்சியோடு ஒரே ஃபேனுக்குக் கீழே வளர்ந்த பிள்ளை, நான் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்ட பிள்ளை, அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் ஏது. உன்னிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். "அவளக் கேளு. எங்க சோறு எறங்குதோ அங்க இருக்கட்டும்" என்றாய். உன் அண்ணனிடமும் அதையே சொன்னாயா என்று எனக்குத் தெரியாது.

அந்த சிலிண்டரும் தீர்ந்து அடுப்பு என் வீட்டுக்கு வந்த வாரம் நீ போய்விட்டாய். விடிந்து பால்காரர் போன கொஞ்ச நேரத்தில். நான் உன் கால்மாட்டில் இருந்தேன், நிவேதா தலைமாட்டில்.

வெயில் ஏறுவதற்குள் தென்னேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பால் தெளிக்கும் வரை பங்காளி வீட்டிலும் எரியக் கூடாது. காபியும் சோறும் வெளியாள் வீட்டிலிருந்தோ பிறந்த வீட்டிலிருந்தோதான் வர வேண்டும். உன் அண்ணி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. "பக்கத்து வூடுதானம்மா நீங்க? பிள்ளைங்க காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. கொஞ்சம் காபித்தண்ணி வெச்சுக் குடுங்களேன்."

சரி என்று போனேன். பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். லைட்டரைக் கையில் எடுத்தேன். எடுத்த கை எழவில்லை. பற்றவைத்தால் நான் பக்கத்து வீடு, அவ்வளவுதான். இந்த அடுப்பு உன்னுடையது. இதைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை வாசலைச் சுற்றியிருக்கிறோம். இது எரிந்தால் செத்தது யார் வீட்டில்? எங்கள் சபையில் தீட்டு என்று ஒன்றும் கிடையாது. ஃபாதரைக் கேட்டிருந்தால், பசித்தவர்களுக்குக் காபி போடம்மா என்றுதான் சொல்லியிருப்பார். நான் லைட்டரைக் கீழே வைத்தேன்.

வெளியே வந்து, "என் வூட்லயும் அடுப்பு எரியாதுங்க" என்றேன்.

உன் அண்ணிக்குப் புரியவில்லை. "ஏன், கேஸ் தீந்துடுச்சா?"

"இருக்குது. இது அவ அடுப்பு. எரியாது."

கூட்டத்தில் ஒரு கிழவர், "அந்தம்மாவுக்கு இன்னாத்துக்கு இந்த மொறையெல்லாம்? அவங்க வேற ஆளுங்கதான?" என்றார். நான் உன் அண்ணனைப் பார்த்தேன். உன்னை நடுவில் வைத்துக்கொண்டு கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மெர்சி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நிவேதாவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது டீக்கடைக் கேனில் காபி இருந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்து, தலை முழுகி வந்த பிறகு தென்னேரியிலிருந்து சோறு வந்தது. உன் அண்ணி சாவு வீட்டு ஆட்களை உட்கார வைத்து இலை போட்டார். நிவேதாவுக்கு ஓர் இலை. பக்கத்தில் மெர்சிக்கு. அதற்குப் பக்கத்தில் எனக்கு. நான் தயங்கி நின்றேன். உன் அண்ணன் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உக்காரச் சொல்லு. அவங்க வூட்லயும்தான் அடுப்பு எரியல." அந்தச் சோற்றில் என் கண்ணீர்தான் குழம்பு. அப்படியொரு பசி எனக்கு வாழ்க்கையில் எடுத்ததில்லை.

பால் தெளித்து வந்த அன்று அவர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "பாப்பாவக் கேட்டேன். இங்கியே இருக்குறேன்னுது. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும். அரிசி நான் அனுப்புறேன்" என்றார். இன்றுவரை அவர் என் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. வாசலில் நின்றுதான் பேசுகிறார். நீ இருந்தால் சும்மா விட மாட்டாய். ஆனால் அறுவடைக்கு அறுவடை மூட்டை வந்து இறங்குகிறது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, நிவேதா காலேஜுக்குப் போகிறாள். இந்தத் தையிலும் மூட்டை வந்தது.

உன் வித்தைகள் எல்லாம் நடக்கின்றன. ஊற வைக்கிறேன், மூடுகிறேன், பிள்ளைகள் படிக்கும் அறையைத் தவிர மற்ற இடத்தில் விளக்கு இல்லை. ஸ்லாப் தாண்டாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிலிண்டர்கூட முன்பைவிட அதிக நாள் வருகிறது. யாரிடம் போய் ஜெயித்தேன் என்று சொல்வது? சொன்னால் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட ஆள் வேண்டாமா?

ஒன்று சொல்ல வேண்டும். கனெக்‌ஷன் இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. கேஸ் ஆபீஸில் மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு நிவேதா பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாள்: "நாளைக்கு சிலிண்டர் வந்துடும் ஆன்ட்டி. அம்மா பேர்ல இதான் கடைசியாம். அடுத்ததுக்குள்ள பேர மாத்தணுமாம். திங்கக்கிழமை போலாமா?" போகலாம் என்றேன். நியாயம்தானே.

தெருவில் உன்னை நிவேதாம்மா என்பார்கள், உன் அண்ணன் வீட்டில் தங்கச்சி என்பார்கள், போட்டோவுக்கு மாலை போடுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உன் பேரைச் சொல்லி இந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவர் இந்த சிலிண்டர்காரர் ஒருவர்தான். புது ஆள், உன்னைப் பார்த்ததில்லை. ரசீதைப் பார்த்து, உள்ளே நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு, வாய் நிறையக் கூப்பிடுவார். இதுவரை ஓடிப்போய் நானே பதில் கொடுத்துவிடுவேன். நாளைக்குக் கொடுக்கப் போவதில்லை. கதவுக்குப் பின்னால் நிற்கப் போகிறேன். அவர் இன்னொரு தடவை கூப்பிடட்டும்.